பெரிய சாலைக்கு ஒரே ஒரு மனு: நடைமேம்பாலமா, கடவையா, நடைபாதையா, மிதிவண்டித் தடமா, பேருந்துத் தடமா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் குடியிருப்போர் நலச்சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் அடிக்கடி ஒரு கேள்வியோடு வருகிறார்கள். தங்கள் பகுதியை ஒட்டிச் செல்லும் பெரிய சாலையில் விபத்து நடக்கிறது, பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது, மனு ஒன்று கொடுக்கலாம் என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஆனால் அந்த மனுவில் எதைக் கேட்பது என்பதில்தான் ஒருமித்த கருத்து வரவில்லை. ஒருவர் நடைமேம்பாலம் என்கிறார், இன்னொருவர் சிக்னல் என்கிறார், மருமகளை மிதிவண்டியில் வேலைக்கு அனுப்பும் ஒருவர் தனித் தடம் வேண்டும் என்கிறார். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், எது ஒப்பந்தம் விடுவதற்கு எளிதோ, எது திறப்பு விழாவுக்குப் பொருத்தமானதோ, அதுவே நிறைவேறும். மற்றவை கோப்பில் தங்கிவிடும். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கேட்பதே நல்லது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இக்கட்டுரை உதவக்கூடும்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சாலைகளுக்கு முதலில் கேட்க வேண்டியது கடவையை, அதாவது சாலையைக் கடக்கும் இடத்தைச் சரிசெய்வது. அதையும் பேருந்து நிறுத்தத்தையும் ஒரே வேலையாகச் சேர்த்துக் கேட்பது. மற்ற வழிகள் சிறந்தவையாக அமையும் சாலைகளும் உண்டு, அவற்றை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வேகம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் நகர்கிறது. எதிரே ஆள் வருவதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால், காய்ந்த சாலையில்கூட அந்த வாகனம் நிற்பதற்குள் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடிவிடும். அதே வாகனம் 30 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால் 13 மீட்டரிலேயே நின்றிருக்கும். அதாவது, மெதுவாக வந்தவர் வண்டியை முழுவதுமாக நிறுத்திவிட்ட இடத்தில், வேகமாக வந்தவர் அப்போதுதான் பிரேக்கில் காலை வைக்கிறார். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப (வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காக) உயர்வதால், அடிபடுபவரின் உயிர் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் மக்கள் நடக்கும் நகரச் சாலைகளுக்கு 30 கி.மீ. வேக வரம்பை வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம். எனவே எந்தத் திட்டத்தை யார் முன்வைத்தாலும், அது வண்டிகளின் வேகத்தை உண்மையில் குறைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தனியாக வரும் முதியவரோ, பத்து வயதுச் சிறுமியோ, சக்கர நாற்காலியில் வருபவரோ யாருடைய உதவியும் இல்லாமல் அந்த வசதியைப் பயன்படுத்த முடியுமா என்பது. இளைஞர்களுக்கு மட்டும் பயன்படும் வசதி, ஏற்கனவே எப்படியோ கடந்துகொண்டிருப்பவர்களுக்கே கட்டித் தரப்படும் வசதி.

மூன்றாவது, அகலம். சாலையின் மொத்த அகலம் எவ்வளவு, அதில் எதை எடுத்து எதற்குக் கொடுக்கப் போகிறோம் என்ற கணக்கைப் போடாமல் கேட்கப்படும் கோரிக்கைக்கு, "இடம் இல்லை" என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும்.

நான்காவது, மழையும் பராமரிப்பும். வடகிழக்குப் பருவமழையில் முதலில் மூழ்குவது சாலையோரந்தான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரு நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. நடைபாதையும் வடிகாலும் நம் ஊர்களில் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால், ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டே ஆக வேண்டும்.

ஐந்தாவது, சாலை யாருடையது என்பது. புதுச்சேரியில் பொதுப்பணித் துறை, புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி என்றும், கடலூரில் மாநகராட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை என்றும் சாலைகள் பிரிந்து கிடக்கின்றன. முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூருக்குச் செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை. சிக்னலும் வேகக் கட்டுப்பாடும் போக்குவரத்துக் காவல் துறையின் கையில் உள்ளன. புதுச்சேரியில் 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்த பிறகு நிர்வாகம் அதிகாரிகளிடமே சென்றதால், வார்டு உறுப்பினர் ஒருவரைப் பிடித்து எல்லாத் துறைகளையும் ஒன்றுசேர்க்கும் வழியும் அங்கே அடைபட்டது. தவறான அலுவலகத்தில் கொடுத்த நல்ல மனுவுக்கு ஓராண்டு எளிதில் வீணாகும்.

## நடைமேம்பாலமும் நடுத்தடுப்பு வேலியும்

மிக அதிகமாகக் கேட்கப்படுவதும், மிக எளிதில் ஒப்புக்கொள்ளப்படுவதும் இதுவே. கட்டி முடித்தால் கண்ணுக்குத் தெரியும். வாகனங்களின் ஓட்டத்துக்கு ஒரு நொடிகூடத் தடையில்லை. ஆனால் முதல் அளவுகோலிலேயே இது தோற்றுவிடுகிறது. சாலையில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வண்டிகள் முன்பைவிட வேகமாக ஓடத் தொடங்குகின்றன.

படிகளை எண்ணிப் பாருங்கள். லாரியும் பேருந்தும் அடியில் செல்ல 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். அதன்மேல் பாலத்தின் தளத்தின் பருமனையும் சேர்த்தால் ஏறத்தாழ 6 மீட்டர். ஒரு படி 15 செ.மீ. என்றால் 40 படிகள் ஏறி, 40 படிகள் இறங்க வேண்டும். அதே இடத்தில் 14 மீட்டர் அகலச் சாலையை நேராகக் கடக்கச் சாதாரண நடையில் 12 நொடிகள் போதும். மூட்டு வலியோடு காய்கறிப் பையைச் சுமந்து வரும் ஒருவர், 12 நொடி வேலைக்காக 80 படிகளை மிதிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் வேலியில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தேடுவார். கம்பி ஒன்று வளைக்கப்பட்டிருக்கும். அதன் வழியாக நுழைந்து, நடுவில் நிற்க இடமில்லாத தடுப்பின் விளிம்பில் ஒரு காலை வைத்தபடி காத்திருப்பார். கடவை இல்லாத இடத்தில் வேலி மட்டும் போடுவது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

மின்தூக்கியோ நகரும் படிக்கட்டோ வைத்தால் இந்தக் குறை தீரும் என்பார்கள். அங்கேதான் மறைந்திருக்கும் செலவு தொடங்குகிறது. மின்கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், இரவுக் காவல், கடற்காற்றின் உப்பில் துருப்பிடிக்கும் இரும்பு என்று ஆண்டுதோறும் யாராவது பணம் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒதுக்காத ஆண்டில் அது பூட்டிக் கிடக்கும். பாலத்தின் தூண்களும் படிக்கட்டும் இருக்கிற கொஞ்சம் நடைபாதையையும் விழுங்கிக்கொள்வது இன்னொரு செலவு. அது எந்த மதிப்பீட்டிலும் எழுதப்படுவதில்லை.

ஆயினும் இதுவே சரியான விடையாக அமையும் இடங்கள் உண்டு. ரயில் பாதையின் குறுக்கே மக்கள் கடக்கும் இடம், ஊரைத் தொடாமல் செல்லும் ஆறுவழிப் புறவழிச்சாலை, இயற்கையாகவே ஒரு பக்கம் மேடாக இருந்து படி ஏறத் தேவையில்லாத இடம் ஆகியவற்றில் தயங்காமல் கேட்கலாம். ஊருக்குள் ஓடும் கடைத்தெருவில் மட்டும் வேண்டாம்.

## உயர்த்திய கடவை, நடுத்தீவு, சிக்னல்

சாலையைக் கடக்கும் இடத்தை நடைபாதையின் மட்டத்துக்கே உயர்த்திக் கட்டுவதைத்தான் உயர்த்திய கடவை என்கிறேன். நடப்பவர் இறங்கி ஏறத் தேவையில்லை. வண்டி ஏறி இறங்க வேண்டியிருப்பதால் தானாகவே வேகம் குறைகிறது. இதை வேகத்தடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் குறுகலான, கூர்மையான தடைகள் எந்த விதிக்கும் உட்படாதவை. பின்னால் அமர்ந்து வரும் பெண்ணைத் தூக்கிப் போடுபவை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது, 25 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு அது உறுத்தாது, 50 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு உறுத்தும். உயர்த்திய கடவை அதைவிட நீளமானது, மேற்பகுதி தட்டையானது. ஆகவே பேருந்துக்கும் ஆம்புலன்சுக்கும் குலுக்கல் குறைவு.

சாலை நான்கு வழியாக இருந்தால் நடுவில் நின்று மூச்சுவிட ஒரு தீவு அவசியம். நடுத்தீவு குறைந்தது 2 மீட்டர் அகலமாவது இருந்தால் ஒரு தள்ளுவண்டியோடோ மிதிவண்டியோடோ ஒருவர் அங்கே பாதுகாப்பாக நிற்கலாம். 14 மீட்டரை ஒரே மூச்சில் கடக்க வேண்டியவர், ஏழேழு மீட்டராக, ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்துக் கடக்கிறார். மெதுவாக நடக்கும் முதியவருக்கு 16 நொடிகள் தேவைப்படும் இடத்தில் எட்டெட்டு நொடிகளாகப் பிரிந்துவிடுகிறது. இத்தனை சிறிய ஒரு சிமென்ட் மேடைக்கு இவ்வளவு பயன் உண்டு என்பதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் வலியுறுத்துவேன்.

சிக்னலைப் பொறுத்தவரை, புதுச்சேரியின் இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை போன்ற பெரிய சந்திப்புகளில் அது இன்றி முடியாது. ஆனால் அங்கே கேட்க வேண்டியது புதிய விளக்குக் கம்பம் அன்று. நடப்பவருக்கென்று தனிப் பச்சை நேரமும், அந்த நேரத்தில் இடப்பக்கம் திரும்பும் வண்டிகளும் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடுமே. 'ஃப்ரீ லெஃப்ட்' என்ற பெயரில் இடைவிடாமல் வண்டிகள் திரும்பிக்கொண்டிருக்கும் மூலையில் நிற்பவருக்கு எந்த விளக்கும் எப்போதும் பச்சையாக இருப்பதில்லை. மூலையின் வளைவைக் கூர்மையாக்கினாலே திரும்பும் வேகம் குறையும். செலவும் ஒரு விளிம்புக் கல் வரிசையை இடம் மாற்றி வைப்பதுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் இதற்கும் உண்டு. உயர்த்திய மேடை மழைநீரின் குறுக்கே அணைபோல நிற்கும். இரு ஓரங்களிலும் நீர் வடிய வழி விட்டுக் கட்டாவிட்டால் முதல் மழையிலேயே பக்கத்துக் கடைக்காரர் அதை உடைக்கச் சொல்வார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். வெள்ளைப் பட்டைகள் வெயிலிலும் டயரிலும் தேய்ந்து மறையும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வண்ணம் பூச வேண்டும். தெருவிளக்கு கடவைக்கு நேராக இல்லாவிட்டால் இரவில் மேடையும் தெரியாது, ஆளும் தெரியமாட்டார். சாலைக்குப் புதிதாகத் தார் போடும்போது அடுக்கின்மேல் அடுக்கு சேர்ந்து மேடையின் உயரமே காணாமல் போகும்; பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று மனுவிலேயே எழுதுவது நல்லது.

தேசிய நெடுஞ்சாலையில் இதைக் கேட்பது சற்றுக் கடினம். அங்கே ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைந்த 5 விபத்துகள் அல்லது 10 உயிரிழப்புகள் ஏற்பட்டால்தான் அந்த இடம் 'விபத்துக் கரும்புள்ளி' எனக் குறிக்கப்படுகிறது. பத்துக் குடும்பங்கள் இழந்த பிறகுதான் ஒரு கடவை வர வேண்டும் என்பதை எந்த ஊரும் ஏற்கக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி முன்கூட்டியே கேட்கலாம், கேட்க வேண்டும்.

## அகன்ற நடைபாதை

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவின்கீழ் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறியது. ஆகவே இக்கோரிக்கைக்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது.

இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதலின்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். கடைகள் உள்ள பகுதியில் 2.5 மீட்டர். விளிம்பின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் சாலையோரத்தை ஓர் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். வடிகால்மேல் மூடிய கான்கிரீட் பலகைதான் நடைபாதை. ஒரு பலகை உடைந்து ஒரு முனை குழிக்குள் இறங்கியிருக்கும், அதன்மேல் யாரோ நல்லெண்ணத்தில் ஒரு செங்கல்லும் வேப்பங்கிளையும் வைத்திருப்பார்கள். அடுத்து மின்மாற்றி, அதைச் சுற்றிக் கம்பி வேலி. அடுத்து ஒரு வீட்டின் கார் ஏறுவதற்கான சரிவு, நடைபாதையை முழுவதுமாக அறுத்துக்கொண்டு சாலை வரை நீண்டிருக்கும். தேநீர்க் கடையின் பலகை. பிறகு நான்கு பைக்குகள். இவ்வளவையும் கழித்தால் இரண்டடி மிஞ்சினால் பெரிது. ஆகவே மக்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள், கட்டியும் பயனில்லை என்ற பேச்சும் அதிலிருந்தே பிறக்கிறது.

அகன்ற நடைபாதைக்கான செலவில் கல்லும் சிமென்டும் சிறு பகுதிதான். மின்கம்பங்களையும் மின்மாற்றிகளையும் இடம் மாற்றுவது, வடிகாலைத் தூர்வாரிச் சீர்செய்து, தூர்வாரத் திறக்கும்படியான மூடிகளோடு அமைப்பது, வாகனம் நிறுத்துவதற்கு வேறு இடம் காட்டுவது ஆகியவை பெரும் பகுதி. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது: நடைபாதையில் பிழைப்பு நடத்துபவர்களை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் சந்தையைப் பார்த்தவர்களுக்கு, சாலையோர வியாபாரம் இந்த ஊரின் வாழ்க்கையில் எவ்வளவு ஊறியது என்பது தெரியும். தெரு வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அவர்களை அகற்றிவிட்டுக் கட்டும் நடைபாதையில் சில வாரங்களில் பைக்குகள் வந்து நிற்கும். பூக்காரம்மா உட்கார்ந்திருந்த இடம் பறிபோகும், நடப்பவருக்கும் இடம் கிடைக்காது. ஆகவே அகலத்தைத் திட்டமிடும்போதே 2.5 மீட்டர் நடைக்கு, அதற்கு அப்பால் 1.5 மீட்டர் கடைகளுக்கும் மரங்களுக்கும் என்று வகுத்துக்கொள்வது நலம். அவர்கள் இருக்கும் தெருதான் இரவு ஒன்பது மணிக்கும் பெண்கள் தயக்கமின்றி நடக்கும் தெரு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம், ஒரு பெரிய கடைத்தெருவில் சாலையைக் குறுக்கி நடைக்கு இடம் கொடுக்க முடியும் என்பதைக் கண்முன் காட்டியது. புதுச்சேரி நேரு வீதி போன்ற கடைத்தெருக்களுக்கும், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பாடலீஸ்வரர் கோயிலும் நெருங்கி அமைந்த லாரன்ஸ் சாலைப் பகுதிக்கும் இதுவே முதல் கோரிக்கையாக இருக்கலாம். இங்கெல்லாம் வண்டிகள் ஏற்கனவே மெதுவாகத்தான் நகர்கின்றன; குறை, நடக்க இடமின்மையே.

## பிரித்த மிதிவண்டித் தடம்

புதுச்சேரியும் கடலூரும் சமதளமான ஊர்கள். மிதிவண்டிக்கு இதைவிட ஏற்ற நிலம் அமைவது அரிது. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. கொத்தனார்களும், பால்காரர்களும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும் விடியற்காலையிலேயே மிதித்துக்கொண்டு போகிறார்கள். ஆகவே தேவை இருக்கிறதா என்ற விவாதத்துக்கே இடமில்லை.

ஆனால் இந்தக் கோரிக்கை வெற்றிபெற இரண்டு நிபந்தனைகள் உண்டு, இரண்டும் கடுமையானவை. ஒன்று, தடம் உயரத்தாலோ கல்லாலோ பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் பச்சை வண்ணம் பூசிய தடம் மறுநாளே கார் நிறுத்துமிடமாகும். இன்னொன்று, அது விடுபடாமல் தொடர வேண்டும். அரை கிலோமீட்டர் தனித் தடத்தில் சென்று, மிக ஆபத்தான சந்திப்பில் கொண்டுபோய் விடப்படும் மாணவிக்கு அந்தத் தடம் எதையும் தரவில்லை. விபத்துகள் பெரும்பாலும் நேர்வது வண்டிகள் குறுக்கே திரும்பும் இடங்களில்தான். ஆகவே நேர்ப்பாதையைவிடச் சந்திப்பின் வடிவமைப்புக்கே அதிக உழைப்பு தேவை.

அகலக் கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 12 மீட்டர், அதாவது நாற்பதடிச் சாலையில் இருபுறமும் 2.5 மீட்டர் நடைபாதை விட்டால் எஞ்சுவது 7 மீட்டர். எதிரெதிர்த் திசையில் இரு தடங்கள். அங்கே தனி மிதிவண்டித் தடத்துக்கு இடமே இல்லை. வேகத்தை 30 கி.மீ.க்குக் குறைத்து, எல்லோரும் கலந்து செல்லச் செய்வதே பாதுகாப்பு. 18 மீட்டர் அறுபதடிச் சாலையில் நடைபாதைகளுக்கு 5 போக 13 மீட்டர் எஞ்சும். அதை நான்கு வாகனத் தடங்களாக்கினால் மிதிவண்டிக்கு ஒன்றுமில்லை; இரண்டு தடங்களாகக் குறைத்தால் 7 மீட்டர் வாகனங்களுக்கும், இருபுறமும் இரண்டிரண்டு மீட்டர் மிதிவண்டிக்கும், 2 மீட்டர் நடுத்தீவுக்கும் கிடைக்கும். வாகனத் தடம் ஒன்றை விட்டுக்கொடுக்க ஊர் சம்மதிக்குமா என்பதே அங்கே கேள்வி. 30 மீட்டர், உண்மையிலேயே நூறடி அகலம் இருக்கும் சாலையில் எல்லாவற்றுக்கும் இடமுண்டு: நடைபாதைகளுக்கு 5, மிதிவண்டித் தடங்களுக்கும் அவற்றைப் பிரிக்கும் திட்டுகளுக்கும் 5, நடுத்தீவுக்கு 2, நான்கு வாகனத் தடங்களுக்கு 13, மரங்களுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் 5. அங்கே "இடம் இல்லை" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே அகன்ற சாலை ஒன்றில் பள்ளி கல்லூரிகள் வரிசையாக இருந்தால், இதை முதல் கோரிக்கையாக வைக்கலாம். மற்ற இடங்களில் கடவைகள் வந்த பிறகு இதற்கு வருவதே மேல்.

## பேருந்துக்கு முன்னுரிமை

பேருந்தில் பயணம் செய்யும் ஒவ்வொருவரும் பயணத்தின் இரு முனைகளிலும் நடப்பவர். காலையில் ஏற ஒரு பக்கம் நின்றால், மாலையில் இறங்கும்போது எதிர்ப்பக்கத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு, கடலூரில் பேருந்து நிறுத்தத்தின் பாதுகாப்பு பெண்களின் பாதுகாப்பும் ஆகிறது.

தனிப் பேருந்துத் தடம் என்பது பெருநகரங்களுக்கு நல்ல கருவி. அகமதாபாத்தில் 2009 முதல் அது இயங்குகிறது. தில்லியில் 2008-இல் தொடங்கிய தடமோ 2016-இல் அகற்றப்பட்டது. நிறுத்தங்கள் சாலையின் நடுவில் இருந்ததால் பயணிகள் ஒவ்வொரு முறையும் வண்டிகளின் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. தடத்தை மற்ற வாகனங்களிடமிருந்து காப்பதும் கடினமாயிற்று. நம் ஊர்களில் ஒரு சாலையில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு பேருந்தாவது வராவிட்டால், காலியாகக் கிடக்கும் தடத்தைப் பைக்குகளிடமிருந்து எந்தக் காவலராலும் காக்க முடியாது. ஆகவே தனித் தடத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். புதுச்சேரி மறைமலையடிகள் சாலையில் பேருந்து நிலையத்தை ஒட்டிய பகுதியைப் போல, பேருந்துகளே வரிசை கட்டி நிற்கும் சிறு நீளத்துக்கு மட்டும் அது பொருந்தலாம்.

நிறுத்தத்தைத் திருத்துவது வேறு விஷயம், அது எல்லாச் சாலைக்கும் பொருந்தும். இப்போது பேருந்துக்கென்று சாலையோரத்தில் உள்வாங்கிக் கட்டிய வளைவுக்குள் ஓட்டுநர்கள் நுழைவதில்லை, ஏனெனில் நுழைந்தால் மீண்டும் வெளியே வர யாரும் வழிவிடுவதில்லை. வளைவில் ஆட்டோக்களும் டெம்போக்களும் நிற்கும். பேருந்து சாலை நடுவில் நிற்கும். பயணிகள் இரண்டுக்கும் இடையில், இடப்பக்கம் முந்தும் பைக்குகளின் நடுவே ஓடி ஏறுவார்கள். இதற்குத் தலைகீழான வழி ஒன்று உண்டு: நிறுத்தத்தில் நடைபாதையைச் சாலைக்குள் ஒரு தட அகலம் நீட்டிவிடுவது. பேருந்து தன் தடத்திலேயே நிற்கும். இடப்பக்கம் முந்த வழியே இருக்காது. ஏறுபவர் நடைபாதையிலிருந்து நேராகப் படியில் கால் வைப்பார். டெம்போவும் ஷேர் ஆட்டோவும் நிற்க அதற்குச் சற்றுத் தள்ளி இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவையும் அங்கேயே வந்து நிற்கும்.

இதோடு நிறுத்தத்தைக் கடவைக்கு அப்பால், அதாவது பேருந்து கடவையைத் தாண்டிய பிறகு நிற்கும்படி அமைக்க வேண்டும். அப்போது இறங்கியவர் பேருந்தின் பின்னால் கடப்பார். வரும் வண்டி அவருக்குத் தெரியும், அவரும் வண்டிக்குத் தெரிவார். நிற்கும் பேருந்தின் முன்னால் கடக்கும்போது, வலப்பக்கம் முந்திவரும் வாகனத்துக்கு அவர் கடைசி நொடியில்தான் தெரிவார். அறிவிப்புப் பலகையைச் சில மீட்டர் தள்ளி நடுவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு என்று சொன்னால், பின்னால் வரும் வண்டிகள் பேருந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான். ஒரு திசைக்கு ஒரே ஒரு தடம் மட்டும் உள்ள குறுகிய சாலையில் இது நெரிசலாகும். வேகக் குறைப்பு என்று பார்த்தால் அதுவே இதன் நன்மையும்.

## குறைந்த செலவில் இரண்டு மாற்றுகள்

ஒருவழிப் பாதையாக்குவது நெரிசலைக் குறைக்கும், கடப்பவர் ஒரே திசையைப் பார்த்தால் போதும். ஆனால் எதிரே வண்டி வராது என்ற துணிவில் வேகம் கூடும், மிதிவண்டிக்காரர் சுற்றிச் செல்ல மனமின்றி எதிர்த்திசையில் வருவார், பேருந்தின் போக்கு நிறுத்தமும் வரவு நிறுத்தமும் வெவ்வேறு தெருவுக்குப் போகும். கடவைகளோடு சேர்த்தால் மட்டுமே இதை ஏற்கலாம்.

குறிப்பிட்ட நேரத்துக்கு வாகனங்களைத் தடுப்பது புதுச்சேரிக்குப் பழகியதே. கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்கள் செல்வதில்லை. பள்ளி வாசல்களில் மணியடிக்கும் நேரத்துக்கு இதே முறையைக் கொண்டுவரலாம். ஊடே செல்லும் பேருந்துச் சாலைக்கு இது பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| வழி | வேகம் குறையுமா | முதியோரும் குழந்தைகளும் | தேவையான அகலம் | கவனிக்காமல் விடப்படும் செலவு |
|---|---|---|---|---|
| நடைமேம்பாலம் | இல்லை, கூடும் | கடினம் | தூண், படிக்கட்டுக்கு நடைபாதை போகும் | மின்தூக்கிப் பராமரிப்பு, துரு |
| உயர்த்திய கடவை, நடுத்தீவு | ஆம் | எளிது | நடுத்தீவுக்கு 2 மீ. | நீர் வடிதல், விளக்கு, வண்ணம் |
| அகன்ற நடைபாதை | ஓரளவு | எளிது, சரிவுகள் இருந்தால் | பக்கத்துக்கு 2.5 மீ. | மின்கம்பம், வடிகால், வியாபாரிகளுக்கு இடம் |
| மிதிவண்டித் தடம் | தடம் குறைந்தால் ஆம் | மாணவர்களுக்குப் பெரும் பயன் | பக்கத்துக்கு 2 முதல் 2.5 மீ. | சந்திப்பு வடிவமைப்பு |
| நீட்டிய பேருந்து நிறுத்தம் | நிறுத்தத்தில் ஆம் | எளிது | புதிதாக எதுவும் வேண்டாம் | டெம்போ, ஆட்டோவுக்கு இடம் |

## மனுவில் எழுத வேண்டியவை

கடவையும் நிறுத்தமும் சேர்ந்த கோரிக்கையைத் தேர்ந்தெடுத்தால், "பாதுகாப்பு நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்" என்ற பொதுவான வரியைத் தவிர்த்து இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எந்தப் பள்ளிக்கும் எந்த நிறுத்தத்துக்கும் இடையில், சாலையின் அகலம் எத்தனை மீட்டர், காலை எட்டு முதல் ஒன்பது வரை எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதை இரண்டு இளைஞர்கள் ஒரு வாரத்தில் எண்ணிக் குறித்துவிடலாம். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவான விபத்து வழக்குகளின் விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்று இணையுங்கள். நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன், மணல் மூட்டைகளும் பிளாஸ்டிக் தடுப்புகளும் வெள்ளை வண்ணமும் கொண்டு ஒரு மாதம் சோதனையாக நடுத்தீவையும் நீட்டிய நிறுத்தத்தையும் அமைத்துப் பார்க்கும்படி கேட்பது, மறுக்கக் கடினமான கோரிக்கை. கடைக்காரர்களின் அச்சமும் அதில் பெருமளவு தீரும். மேடையால் நீர் தேங்குமா என்பதை அறிய, மழைக்காலத்திலேயே அந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படம் எடுத்து வையுங்கள்.

மனுவின் மூன்று படிகளை ஒரே நாளில் கொடுங்கள்: சாலைக்குரிய துறையின் செயற்பொறியாளருக்கு ஒன்று, போக்குவரத்துக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒன்று, நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையருக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் மற்ற இருவருக்கும் நகல் அனுப்பப்பட்டதைக் குறிப்பிட்டு, பெற்றதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நிதியாண்டின் மதிப்பீடுகள் பட்ஜெட்டுக்குச் சில மாதங்கள் முன்பே தயாராகத் தொடங்கிவிடுவதால், நவம்பர், டிசம்பருக்குள் மனு அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.